இறாலுக்குக் காற்று

கூடாரம் ஒன்றுதான் என்று தெரிந்ததும் ஜலாலுதீன் படகை ஒரு தரம் எட்டிப் பார்த்தார்.

"இன்னொண்ணு படகுலயே தங்கிடுச்சா பாய்?" என்று கேட்டுப் பார்த்தார்.

"எதுக்கு இன்னொண்ணு? இதுலயே மூணு பேர் காலை நீட்டிப் படுக்கலாம்" என்றார் அஜ்மல் பாய், ஆரஞ்சு நிறத் துணியை மணலில் உதறி விரித்தபடி. "ஒரே கூரைக்குக் கீழ தங்கினாத்தானே மனுஷனை மனுஷன் தெரிஞ்சிக்க முடியும்?"

தெரிந்துகொண்டுவிடப் போகிறாரே என்பதுதான் ஜலாலுதீனின் கவலை.

விஷயம் இதுதான். அஜ்மல் பாய் சென்னை மண்ணடிக்காரர். அவர் மகன் அஃப்னானுக்கு ஜலாலுதீனின் மகள் ஷஹானாவைக் கேட்டிருந்தார்கள். பெண் பார்த்தாயிற்று, இரு பக்கமும் பிடித்தாயிற்று, பெண்டுகள் சேர்ந்து பிரியாணிக்கு எந்த அரிசி என்பது வரைக்கும் பேசியாயிற்று. பாக்கி ஒன்றே ஒன்று. வார்த்தை கொடுப்பதற்கு முன்னால் பிள்ளையின் தகப்பனும் பெண்ணின் தகப்பனும் வீட்டுக்கு வெளியே ஓர் இரவு ஒன்றாகத் தங்க வேண்டும் என்பது அஜ்மல் பாய் குடும்பத்து வழக்கம். காலையில் சுபுஹு தொழுதுவிட்டுப் பிள்ளையின் தகப்பன் 'சரி' என்று சொன்னால் கல்யாணம். சொல்லாவிட்டால் இல்லை. அஜ்மல் பாய்க்குப் பூநாரை பார்க்கிற பைத்தியம் வேறு இருந்ததால், பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற மணல்திட்டில், சவுக்குத் தோப்பு ஓரமாகக் கூடாரம் அடிப்பது என்று முடிவாகிவிட்டது.

ஜலாலுதீன் பழவேற்காட்டில் இறாலும் நண்டும் வாங்கிச் சென்னை ஓட்டல்களுக்கு அனுப்புகிறவர். ஊரில் நல்ல பெயர். ஆனால் மனிதருக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும். நிற்காத நேரத்தில் வருகிற குறட்டைக்குத் தெருவே எழுந்து உட்காரும். ராத்திரி முழுக்க இப்படி மல்லுக்கட்டினால் பகலில் உடம்பு சும்மா இருக்குமா? உட்கார்ந்த இடத்தில் தூங்கி விழுவார். ஷஹானாவுக்கு வந்த முதல் சம்பந்தம் கைவிட்டுப் போனதே அதனால்தான். பொன்னேரியிலிருந்து வந்த பெரியவர் எதிரில் உட்கார்ந்து, "உங்க வீட்டுப் பொண்ணை..." என்று வாயைத் திறந்தபோது ஜலாலுதீன் கர்ர்ரென்று ஒன்று விட்டார் பாருங்கள், அந்தப் பெரியவர் கடித்த சமோசாவை அப்படியே வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினார்.

"போனா போறாங்க வாப்பா. முதல்ல உங்களை டாக்டர்கிட்ட காட்டலாம்" என்றாள் ஷஹானா. திட்டியிருந்தால் கூட ஆறியிருக்கும். அவள் அப்படிச் சொன்னதுதான் அவர் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

டாக்டர் ஒரு மிஷின் எழுதிக் கொடுத்தார். டிபன் டப்பா அளவில் ஒரு பெட்டி, அதற்கு ஒரு பேட்டரி, நீளமாக ஒரு குழாய், மூக்கில் மாட்டுகிற மாஸ்க். தூங்குகிறவன் மூச்சுக்குள் விடியவிடியக் காற்றை அழுத்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலே ஊரில் கரண்ட் போய்விடும் என்பதால் பேட்டரியில் ஓடுகிற மிஷினாகப் பார்த்து ஷஹானாதான் சென்னையில் வாங்கி வந்தாள். தையல் டேப்பை வைத்து அவர் மூக்கை அளந்து எழுதிக்கொண்டு போனவளும் அவள்தான். மாட்டிய முதல் ராத்திரியே ஜலாலுதீன் கட்டையாகத் தூங்கி எழுந்து, தலை இவ்வளவு லேசாகக் கூட இருக்குமா என்று ஆச்சரியப்பட்டார்.

அதற்கப்புறமும் ஷஹானாவுக்குத் திருப்தி வரவில்லை. "இடது பக்கம் காத்து கசியுது வாப்பா" என்று மாஸ்க்கை எடுத்துக்கொண்டு, பொன்னேரிக்கு பஸ், அங்கிருந்து ரயில் என்று சென்னைக்குப் போய் மாற்றிக்கொண்டு வருவாள். கொஞ்ச நாளில் வலது பக்கம் கசியும். அதற்கு ஒரு தடவை போவாள். தனக்கு ஒரு கசிவும் தெரியவில்லையே என்று ஜலாலுதீன் குழம்புவார். குழம்பினாலும், பெற்றவன் மேல் இந்தப் பெண்ணுக்கு எத்தனை அக்கறை என்று கண் கலங்கிவிடும்.

அப்படி மாஸ்க் சென்னைக்குப் போயிருந்த ஒரு நாள் மத்தியானம்தான் மனைவி மஸூதா இந்த மண்ணடிச் சம்பந்தத்தைப் பற்றிச் சொன்னாள். முந்தின ராத்திரித் தூக்கம் இல்லாத ஜலாலுதீன் 'உம்' கொட்டிக்கொண்டே தூங்கிப்போனார். மண்ணடி, சொந்தக் கடை என்பது வரைக்கும் காதில் விழுந்தது. என்ன கடை என்பது விழவில்லை. விழித்தபோது மஸூதா, "அப்ப உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டாள். "தங்கமான இடம்" என்றார். அன்றிலிருந்து சம்பந்தி என்ன வியாபாரம் செய்கிறார் என்பது அவருக்குத் தெரியாது, கேட்கவும் வழியில்லை.

கிளம்பும்போது மஸூதா கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். "மிஷின் விஷயம் நிக்காஹ் முடியற வரைக்கும் வெளியே தெரியக் கூடாது. தகப்பனுக்கு இப்படின்னா பொண்ணுக்கும் இருக்குமோன்னு பேசுவாங்க. ஆளுக்கொரு கூடாரம் இருக்கும், நீங்க பாட்டுக்கு உள்ள போய் மாட்டிக்கிட்டுத் தூங்குங்க."

ஆளுக்கொரு கூடாரம். நல்ல கணக்குப் போட்டாள் மகராசி.

படகுக்காரன் தேவேந்திரன் சாமான்களை இறக்கிக்கொண்டிருந்தான். பக்கத்துக் குப்பத்துக்காரன். ஜலாலுதீனுக்குப் பல வருஷமாக இறால் போடுகிறவன். வெகுளி, ஆனால் கை சும்மா இருக்காது.

"இந்தப் பையில இன்னா பாய், செங்கல்லா? தோள் கழண்டுக்கும் போல கீது" என்றவன், பதிலுக்குக் காத்திராமல் ஜிப்பை இழுத்துவிட்டான். லுங்கிக்கு அடியிலிருந்து சாம்பல் நிறக் குழாய் துள்ளி வெளியே விழுந்தது.

ஜலாலுதீன் குழாயை உள்ளே திணிக்கப் பார்த்தார். "அது... காத்து பம்ப்பு. இறாலுக்கு."

"இறாலுக்கா?"

"ஓட்டலுக்கு உயிரோட அனுப்பறோம்ல. தண்ணியில காத்து விடணும். புதுசா வாங்கினேன்."

சொல்லிவிட்டு, பரவாயில்லையே என்று தன்னையே மெச்சிக்கொண்டார். இறால் வியாபாரி பையில் இறால் பம்ப் இருப்பதில் என்ன தப்பு? ஆனால் அஜ்மல் பாய்க்குத் திடீரென்று இருமல் பிடித்துக்கொண்டது. ஏரிப் பக்கம் திரும்பி நின்று, தோள் குலுங்கக் குலுங்க இருமினார்.

"தூசி" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. ஈர மணலில் தூசி எங்கிருந்து வரும் என்று ஜலாலுதீனுக்குப் புரியவில்லை.

"கடவுளா பாத்து உன்னை அனுப்பிச்சாரு பாய்" என்று தேவேந்திரன் குழாயைக் கையில் சுற்றிக்கொண்டான். "காலைல கொடுவா மீனுக்குத் தூண்டில் போட உயிர் இறால் வெச்சிருக்கேன். என் பம்ப்பு புட்டுக்கிச்சு. சாவக் கெடக்குது எல்லாம். ஒரு ராத்திரிக்கு இதைக் குடு."

மாட்டேன் என்று சொல்ல முடியுமா? எதிரில் சம்பந்தி நிற்கிறார். ஒரு ராத்திரிக்குப் பம்ப் கொடுக்காத கஞ்சன் வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்? "எடுத்துக்க, எடுத்துக்க" என்றார் ஜலாலுதீன். மாஸ்க்கை மட்டும் கழற்றி ஜிப்பா பைக்குள் திணித்துக்கொண்டார்.

தோப்பு ஓரம் தேவேந்திரனின் மனைவி இருசம்மாள் அடுப்பு மூட்டியிருந்தாள். பக்கத்திலேயே தெர்மாகோல் பெட்டியில் இறால். குழாய் முனையைத் தண்ணீரில் அமுக்கி ஜலாலுதீன் பொத்தானை அழுத்தினார். ஆள் மூச்சுக்கென்று செய்த காற்று அல்லவா, உலைச் சோறு பொங்குகிற மாதிரி தண்ணீர் கொதித்தது. இறால்கள் பெட்டிக்கு வெளியே குதித்தன. தேவேந்திரன் அவற்றைப் பிடித்துப் பிடித்து உள்ளே போட்டான்.

"இன்னா பவரு பாய்! திமிங்கலத்துக்கே வெக்கலாம்."

அஜ்மல் பாய் முகம்தான் மாறிவிட்டது. "அந்தப் பெட்டியைக் கீழ வெக்காதீங்க. தண்ணி மட்டத்துக்கு மேல இருக்கணும். நின்னுச்சுன்னா குழாய் வழியா தண்ணி உள்ள ஏறிடும்" என்று பதறிப்போய், ஒரு கூடையைக் கவிழ்த்து அதன்மேல் மிஷினைத் தூக்கி வைத்தார். குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கினார்.

"உங்களுக்கு எப்படி பாய் இதெல்லாம்..."

"பொதுவா... மீன் தொட்டியில அப்படித்தானே."

ஓஹோ, வண்ண மீன் கடையா என்று ஜலாலுதீனுக்கு உள்ளே விளக்கு எரிந்தது. உடனே தங்கமீனின் அழகைப் பற்றியும், வீட்டில் ஒரு தொட்டி இருந்தால் பரக்கத் என்பது பற்றியும் நீளமாகப் பேசினார். அஜ்மல் பாய் பாதி புரிந்தும் புரியாமலும் தலையாட்டினார்.

"பேட்டரி ஒரு ராத்திரிதானே வரும்?" என்று கேட்டார் கடைசியில். "இப்பவே ஓட்டிட்டா ராத்திரிக்கு?"

"ராத்திரிக்கு எதுக்கு பாய்?"

அஜ்மல் பாய் அவரைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். "இல்ல... இறாலுக்கு" என்றார் மெதுவாக.

இந்த மனுஷன் எதையோ மோப்பம் பிடித்துவிட்டார் என்று ஜலாலுதீனுக்கு உறுதியாகிவிட்டது. மஃரிப் தொழுதுவிட்டு, தோப்புக்குள் ஒதுங்கி மஸூதாவுக்குப் போன் போட்டார்.

"ஏம்மா, சம்பந்திக்கு இன்னா வியாபாரம்னு சொன்ன நீ?"

"அன்னிக்கு அவ்ளோ நேரம் தொண்டைத் தண்ணி வத்தச் சொன்னேனே. உம், உம்னு கேட்டீங்களே. தூங்கினீங்களா?"

"சே சே. உனக்கு ஞாபகம் இருக்கான்னு பாத்தேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

சாப்பாடு வந்தது. மடவை மீன் குழம்பு, சுடு சோறு. இருசம்மாள் கைக்கு அந்தக் குப்பத்தில் தனிப் பெயர். அஜ்மல் பாய் ஒரு வாய் வைத்துவிட்டு, "தூக்கமெல்லாம் எப்படி பாய் உங்களுக்கு?" என்றார்.

"படுத்தா கட்டைதான். இடியே விழுந்தாலும் தெரியாது."

"அப்படியா. மனுஷனுக்குத் தூக்கம்தான் எல்லாம். எங்க கடைக்கு வர்றவங்க படற பாட்டைப் பாத்தா மனசு கஷ்டமா இருக்கும். நல்லா தூங்கறேன்னு வந்து சொல்லும்போதுதான் நமக்குத் திருப்தி."

வண்ண மீன் இல்லை, மெத்தைக் கடை. இதைப் போய் எப்படிக் கோட்டை விட்டோம் என்று ஜலாலுதீன் சுதாரித்துக்கொண்டார். "என்ன இருந்தாலும் இலவம் பஞ்சுக்கு ஈடு ஏது பாய்? இந்த ஸ்பாஞ்சு எல்லாம் சும்மா" என்றார். அஜ்மல் பாய் சோற்றைப் பிசைந்த கையோடு, இலவம் பஞ்சு எங்கே வந்தது என்று சுற்றுமுற்றும் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஜலாலுதீன் குழம்புக்காக முன்னால் குனிந்தார். ஜிப்பா பையிலிருந்து மாஸ்க் நழுவிப் பாயில் விழுந்தது.

"இது இன்னா பாய்? கன்னுக்குட்டி வாய்ல கட்டற கூடை மாதிரி கீது?" என்றாள் இருசம்மாள்.

பம்ப் பொய் ஒன்று ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. இன்னொன்று அவசரத்துக்குக் கிடைக்கவில்லை. "அது... மீன் நாத்தத்துக்கு. குடலைப் புரட்டினா மாட்டிக்கறது."

இருசம்மாளின் கரண்டி அப்படியே நின்றது.

"பாய், உன் மாடி வூடு இன்னாத்துல கட்டுனது?"

ஜலாலுதீன் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

"எங்கூட்டு இறால்ல கட்டுனது. இத்தினி வருசம் இல்லாம இப்போ நாறுதா? அப்போ இந்தக் கொழம்பும் நாறும், நீ துன்ன வேணாம்" என்று குழம்புச் சட்டியை அவர் பக்கத்திலிருந்து இழுத்துக்கொண்டாள். ஊரார் முன்னால் செருப்பால் அடித்திருந்தால்கூட ஜலாலுதீனுக்கு இவ்வளவு உறைத்திருக்காது. ஒரு குப்பத்துப் பெண்ணை அவள் அடுப்படியிலேயே அவமானப்படுத்துகிற ஆள் என்று சம்பந்தி நினைப்பாரே.

"அது என்னுதும்மா" என்றார் அஜ்மல் பாய்.

இருவரும் திரும்பினார்கள்.

"எனக்குத் தூசி ஆவாது. அதான் எடுத்தாந்தேன். பாய்கிட்ட வெச்சிக்கச் சொன்னேன், அவரு விளையாட்டுக்குச் சொல்றாரு." சொல்லிக்கொண்டே இடது கையால் மாஸ்க்கை எடுத்து மூக்கில் வைத்தார். பட்டையைத் தலைக்குப் பின்னால் ஒரு வீச்சு, கன்னத்தில் ஒரு அமுக்கு, அவ்வளவுதான். அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்துவிட்டது. ஜலாலுதீனுக்கு எந்தப் பட்டை மேலே, எந்தப் பட்டை கீழே என்பதே பிடிபடாமல் மகளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு மாட்டிய காலம் உண்டு.

"தூசிக்கா? அப்படிச் சொல்றதுதானே" என்று இருசம்மாள் சட்டியைத் திரும்பத் தள்ளினாள்.

ஜலாலுதீன் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். தனக்காக இந்த மனிதர் எதற்குப் பொய் சொன்னார்? தலையில் ஒரு சாமானை இவ்வளவு லாவகமாக மாட்டுகிறவர் மெத்தைக் கடைக்காரர் இல்லையே, ஹெல்மெட் கடையா? தன்னுடையது என்று சொல்லிவிட்டதால் அஜ்மல் பாய் மாஸ்க்கைத் துடைத்துத் தன் பையிலேயே வைத்துக்கொண்டார். இனி மிஷின் இறாலிடம், மாஸ்க் சம்பந்தியிடம்.

இஷா தொழுதபின் படுக்கை போட்டார்கள். அஜ்மல் பாய் சோப்பு எடுத்து நீட்டினார்.

"மூஞ்சியை நல்லா கழுவிட்டுப் படுங்க பாய். எண்ணெய்ப் பசை இருக்கக் கூடாது."

நம் முகத்துக்கு என்ன கேடு என்று நினைத்தபடி ஜலாலுதீன் கழுவிக்கொண்டு வந்தார். வந்து பார்த்தால் மாஸ்க் அவருடைய தலையணையின் மேல் இருந்தது.

"என் பக்கம் இடம் இல்ல, உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார் அஜ்மல் பாய். "அப்புறம் பாய், நான் வெளிய படுத்துக்கறேன். காத்தாட இருக்கும். நீங்க கூடாரத்தை உள்பக்கமா ஜிப் போட்டுக்கிட்டு நிம்மதியா தூங்குங்க."

ஜலாலுதீனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரே கூரைக்குக் கீழே தங்க வேண்டும் என்று சொன்ன மனிதர் வெளியே படுக்கிறேன் என்றால் என்ன அர்த்தம்? சம்பந்தம் வேண்டாம் என்று அர்த்தம்.

"அப்ப நானும் வெளிய படுக்கறேன்."

"வேணாம் பாய், மணல் பறக்கும். மிஷினுக்கு... மூக்குக்கு ஆவாது."

"விருந்தாளி வெளிய, நான் உள்ளயா? ஊரு என்னைக் காறித் துப்பும்."

"நான் சந்தோஷமா சொல்றேன் பாய்."

"நான் உங்க கையைப் புடிச்சுக் கேக்கறேன் பாய்."

இப்படி இரண்டு பெரிய மனிதர்கள் கூடார வாசலில் நின்று ஒருவர் கையை ஒருவர் பிடித்து இழுத்தார்கள். ஜலாலுதீனுக்குப் பிடி கொஞ்சம் பலம். அஜ்மல் பாய் உள்ளே வந்து விழுந்தார். கூடாரத்தின் ஒரு கொம்பும் அவரோடு விழுந்தது. தேவேந்திரன் வந்து நிமிர்த்திக் கட்டிவிட்டுப் போனான்.

அஜ்மல் பாய் பெருமூச்சு விட்டு, தலையோடு கால் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "நான் போர்த்திட்டேன்னா எதையும் பாக்க மாட்டேன் பாய். நீங்க பாட்டுக்கு எதை வேணா எடுத்தாந்து எதை வேணா மாட்டிக்கிட்டுத் தூங்குங்க. எனக்கு ஒண்ணுமே தெரியாது."

குத்திக் காட்டுகிறார் என்று ஜலாலுதீன் நினைத்தார். இருந்தாலும் வேறு வழி இல்லை. போர்வை அசையாமல் இருப்பதைப் பார்த்துவிட்டு, நைசாக வெளியே நழுவி மிஷினை எடுக்கப் போனார்.

தேவேந்திரன் நண்டுக் கூடையை இறால் பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தான். அதில் ஒரு சேற்று நண்டு கட்டை அவிழ்த்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. செல்போன் வெளிச்சத்தில் ஜலாலுதீன் பார்த்தபோது, அது குழாயைத் துண்டு துண்டாக நறுக்கி முடித்து, கடைசித் துண்டைக் கொடுக்கில் பிடித்தபடி அவரைப் பார்த்தது. மிஷின் மணலுக்குக் காற்று ஊதிக்கொண்டிருந்தது.

பழவேற்காட்டு நண்டுகளை விற்றே பிழைத்தவரை ஒரு நண்டு இப்படிப் பழிவாங்கியிருக்கக் கூடாது. ஜலாலுதீன் மணலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார். ஷஹானாவுக்கு இந்த இடம் பிடித்திருந்தது. வாயைத் திறந்து சொல்லவில்லை, ஆனால் அஃப்னான் என்ற பெயரைச் சொன்னாலே அவள் முகம் மலர்ந்துவிடும். அதையும் தான் குறட்டை விட்டுக் கெடுத்துவிடுவோமா? கூடாது. இன்றைக்குத் தூங்கினால்தானே குறட்டை? தூங்கவே போவதில்லை என்று முடிவு செய்தார். மிஷினையும் குழாய்த் துண்டுகளையும் எடுத்து வந்து பையில் ஒளித்துவிட்டு, தொடையைக் கிள்ளியபடி விடியவிடிய உட்கார்ந்திருந்தார். பக்கத்துப் போர்வை அடிக்கடி லேசாக விலகி, அவரைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டதை அவர் கவனிக்கவில்லை.

சுபுஹு தொழுதார்கள். ஏரியில் பூநாரைகள் வரிசையாக நின்றன. இருசம்மாள் டீ கொண்டுவந்து வைத்தாள். அஜ்மல் பாய் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டார். ஜெயித்துவிட்டோம் என்று ஜலாலுதீன் நினைத்தார். ராத்திரி ஒரு குறட்டை இல்லை, ஒரு சத்தம் இல்லை.

"பாய்" என்றார் அஜ்மல் பாய். "உங்க பொண்ணு விஷயமா நான் சொல்ல வேண்டிய வார்த்தை..."

அதுவரைக்கும்தான் ஜலாலுதீனுக்குக் கேட்டது.

விழித்தபோது வெயில் ஏறியிருந்தது. அவர் ஒருக்களித்துக் கிடந்தார். புரண்டு மல்லாந்துவிடாதபடி முதுகுக்குப் பின்னால் இரண்டு பை, ஒரு தலையணை, சுருட்டிய போர்வை எல்லாம் முட்டுக் கொடுத்திருந்தது. குறட்டை பொறுக்காமல் மூட்டையைப் புரட்டுகிற மாதிரி புரட்டிவிட்டிருக்கிறார்கள். குப்பத்தில் பாதிப் பேர் சுற்றி நின்றார்கள்.

"எந்திரிச்சியா பாய்?" என்றான் தேவேந்திரன். "உன் சத்தத்துல பூநாரை எல்லாம் கெளம்பி ஆந்திரா பக்கம் பூட்ச்சு."

ஏரி வெறிச்சென்று கிடந்தது. மிஷினும் குழாய்த் துண்டுகளும் பையிலிருந்து வெளியே எடுக்கப்பட்டு விரித்த துவாலையின் மேல் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. கொஞ்சம் தள்ளி அஜ்மல் பாய் போனில் பேசிக்கொண்டிருந்தார். "எங்க வந்துட்ட? படகுல ஏறிட்டியா? சீக்கிரம் வா" என்றது காதில் விழுந்தது.

மகனை வரவழைத்திருக்கிறார். கூட்டிக்கொண்டு போகத்தான். ஜலாலுதீன் எழுந்தார். இனி மறைக்க என்ன இருக்கிறது? நேராகப் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாய், அது இறால் பம்ப்பு இல்ல. என் மிஷின். எனக்குத் தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வரும். மாஸ்க்கும் என்னுதுதான். உங்களுக்கு என்ன வியாபாரம்னுகூட எனக்குத் தெரியாது, மஸூதா சொன்னப்போ தூங்கிட்டேன். எல்லாம் என் தப்பு. ஆனா என் பொண்ணுக்கு ஒண்ணும் கிடையாது பாய், அவ நல்லா தூங்குவா. என்னால ஒரு இடம் ஏற்கெனவே போச்சு. அன்னிக்கு அவ ஒரு வார்த்தை என்னைச் சொல்லல. எனக்காக அவளைத் தள்ளிடாதீங்க."

அஜ்மல் பாய்க்குக் கண் கலங்கியது. "பாய், விடியக்காலைல 'சரி'ன்னுதான் சொன்னேன். அதுக்குள்ள நீங்க தூங்கிட்டீங்க. கொஞ்சம் சத்தமாக்கூடச் சொல்லிப் பாத்தேன்."

"சரியா?" ஜலாலுதீன் பிடித்திருந்த கையை விட்டுவிட்டார். "என் குறட்டையைக் கேட்டுமா?"

"குறட்டை எனக்குப் புதுசா பாய்?"

"மிஷினைப் பாத்துமா?"

"அதை நேத்து அந்தக் குழாய் வெளிய விழுந்தப்பவே..." என்று ஆரம்பித்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். "அதுக்கு மேல நான் பேசக் கூடாது. உங்ககிட்ட சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்."

"யாருக்கு?"

அதற்குள் படகு கரை தட்டியது. அஃப்னான் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கி வந்தான். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். சலாம் சொல்லிவிட்டு, துவாலையின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கவரிலிருந்து புத்தம்புதுக் குழாய் ஒன்றை எடுத்து மிஷினில் சொருகினான். மாஸ்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அப்புறம் ஜலாலுதீனின் மூக்கைப் பார்த்தான். காது வரைக்கும் சிவந்துபோய்த் தலையைக் குனிந்துகொண்டான்.

"குழாய்தான் மாமா போயிருக்கு. மாஸ்க் முதல் நாள்ல இருந்தே உங்களுக்குச் சரியான அளவுதான், ஷஹானாதான் சரியில்ல சரியில்லன்னு மாத்திக்க எங்க கடைக்கு வந்துக்கினே இருந்துச்சு."